விழும் என்று நான் எழுதிக்கொடுத்த வீடு

இடிந்து விழப்போகிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வீடு இன்றும் நிற்கிறது. அது நிற்கும் என்பது அறிக்கையை எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதனால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. வயது போதாது, அனுபவம் போதாது, பெரிய மனிதர் கேட்டார், மறுக்க முடியவில்லை என்றெல்லாம் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. சுவரைத் தட்டி, வருகிற ஓசையை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தான் எழுதுவது பொய் என்று தெரியாதா?

அறுபதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் கட்டடப் படிப்பு முடித்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பி, வரைபடம் போடவும் பழைய வீடுகளின் நிலையைப் பார்த்துச் சான்று தரவும் நகராட்சியில் உரிமம் வாங்கியிருந்தேன். நான் ஓவர்சீயர் அல்ல. ஆனால் கையில் டேப்பும் கக்கத்தில் காகிதச் சுருளுமாகப் போகிற எவனும் எங்கள் ஊரில் ஓவர்சீயர்தான். நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வந்த வேலைகள்தான் நன்றாக இல்லை. மதில்சுவர், மாட்டுக்கொட்டகை, பாகப் பிரிவினையில் கூடத்தின் நடுவே எழுப்பும் குறுக்குச் சுவர். நான்கு பேர் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்றைக் கட்டவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அந்த நேரத்தில்தான் மண்டிக்காரர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்துக் கிராமமான கூரத்தில் நிலமும் ஊரில் அரிசி மண்டியும் வைத்திருந்தவர். கருட சேவைக்கு வருகிற கூட்டம் சத்திரத்தில் இடமில்லாமல் கடை வாசல்களில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து, இரண்டு மாடியில் ஒரு லாட்ஜ் கட்ட நினைத்திருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் அவருக்கு ஒரு பழைய வீடு இருந்தது. அதுதான் மனை.

"அதுல நெசவுக்காரங்க குடியிருக்காங்க தம்பி. பதினஞ்சு வருசமா. காலி பண்ணுன்னா அந்தப் பொம்பள வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது. வீடு பழுது, இடிச்சித்தான் கட்டணும்னு எழுத்துல இருந்தா கோர்ட்டுல ஆவும்னு வக்கீல் சொல்றாரு. நீ போயிப் பாரு. இருக்கறத எழுது. லாட்ஜுக்கு பிளானும் நீதான் போடணும்."

இருக்கிறதை எழுது என்றுதான் சொன்னார். அவர் என்னிடம் பொய் கேட்கவில்லை. அதை அவருக்காக இங்கே எழுதிவைக்க வேண்டும்.

நான் வீட்டைப் பார்க்கப் போகவில்லை. மனையின் நீள அகலத்தை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு அறைகள். தெருவைப் பார்த்து அரைவட்டமாக வளைந்த பால்கனி. அப்போது அது புது மோஸ்தர். ஒரு வாரத்தில் முடித்து, மையிட்டு, மூலையில் என் பெயரை எழுதினேன். அதன் பிறகுதான் பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். என் குற்றம் அந்த மேசையிலேயே நடந்து முடிந்துவிட்டது. பின்னால் வந்ததெல்லாம் அதற்கான எழுத்து வேலை.

கத்திரி வெயில் நாள். குறுகலான, நீளமான வீடு. தேக்கு உத்திரங்கள் ஆறு, மேலே சுண்ணாம்புத் தளம். கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழித்தறிகள். தரையில் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டி, நெய்பவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பார். முன்தறியில் நாற்பதைத் தொடும் ஒரு பெண். கணவர் இறந்ததும் அவருடைய இடத்தில் தானே இறங்கி உட்கார்ந்தவர் என்று தெரு சொல்லியது. பின்தறியில் அவருடைய தம்பி. தம்பியின் மனைவி நாத்தனாரின் தறி ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான இழையை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடல் ஒரு நிறம், இருபுறக் கரை வேறு நிறம் என்று கோர்த்து நெய்கிற சேலைக்கு அப்படி ஓர் ஆள் துணைக்கு இருந்தாக வேண்டும்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வா ஓவர்சீயரே. பாவு கெடக்குது" என்றார் அந்தப் பெண், தலையைத் திருப்பாமல். தறியிலிருந்து நீளவாக்கில் நீண்டு கிடந்த பட்டு இழைகளைச் சொன்னார்.

நான் பூண் போட்ட பிரம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். கெட்டியான செங்கல் கட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நிறைவான ஓசை வந்தது.

"சுவத்துக்கு இன்னா ஜொரமா? நாடி புடிச்சிப் பாத்துக்கினு போறியே."

"சும்மா இரு அக்கா. வேலையா வந்துகிறாரு" என்றார் தம்பி பின்தறியிலிருந்து.

"நானும் வேலையாத்தான் இருக்கறேன்."

நான் அங்கே நிற்கும்போதே அவர் தறியை நிறுத்தி, பக்கத்திலிருந்த செம்பை எடுத்து, குழிக்குள் தண்ணீர் தெளித்தார். எதற்கு என்று கேட்டேன். காய்ந்த வெயிலில் பட்டு இழை பட்டென்று அறுந்துவிடும், குழி ஈரமாக இருந்தால் இழை தாங்கும் என்றார். நான் தலையாட்டி, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் அறிக்கை தட்டச்சு செய்தேன். தரைக்கு அடியில் ஈரம் காணப்படுகிறது. உத்திரங்களில் பல இடங்களில் துளைகள் உள்ளன. முன்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. கூடத்தில் இரண்டு இடங்களில் தரை ஆழமாகத் தோண்டப்பட்டுள்ளது. எனவே இந்தக் கட்டடம் மனிதர் வசிக்கத் தகுதியற்றது. இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது.

கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவிர எல்லாம் உண்மை. துளைகள் தறிக் கயிறு கட்ட ஆணி அடித்தவை. விரிசல் பூச்சில் மட்டும்; நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே செங்கல்லுக்கு ஒன்றுமில்லை. ஈரம் என் கண் முன்னால் ஊற்றியது. உண்மைகளை இப்படி வரிசையாக அடுக்கி ஒரு பொய்யைக் கட்டுவதற்கும் படிப்பு வேண்டியிருக்கிறது. என்னிடம் இருந்தது.

மண்டிக்காரர் வழக்குப் போட்டார். அறிக்கையின் நகல் அந்தப் பெண்ணுக்கும் போயிற்று. ஒரு நாள் காலை அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். பின்னால் தம்பி.

"இங்கிலீசுல கீது. தமிழ்ல படிச்சிக் காட்டு."

வக்கீலிடம் கேளுங்கள் என்றேன்.

"எழுதுனது வக்கீலு இல்லயே. நீதான. படி."

படித்தேன். நான் எழுதியதை அதற்கு முன் யாருக்கும் வாய்விட்டுப் படித்ததில்லை. ஈரம் என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது நான் தெளிச்ச தண்ணி. கேட்டுக்கினுதான போன?"

அடுத்ததைப் படித்தேன்.

"தொள ஆணி அடிச்சது. குழி தறிக்குத் தோண்டுனது. எங்க மாமியாரு வீட்லயும் குழி கீது, இந்தத் தெருவுல இருக்கற அத்தன வீட்லயும் கீது. அப்ப ஊரே வுழுந்துடுமா? போயி அந்த மண்டிக்காரன் வீட்டுக் கெணத்த எட்டிப் பாரு. அதுவும் குழிதான்."

தம்பி சிரிக்கவில்லை. கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது.

"நெசமாவா சார்? சின்னப் புள்ளைங்க கீதுங்க" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த நொடியில் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உள்ளறையில், மேசைமேல், வளைந்த பால்கனியின் வரைபடம் விரிந்து கிடந்தது. "எழுதியிருக்கிறது எழுதியிருக்கிறதுதான். கோர்ட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"கோர்ட்டுலயும் பேசுவேன்" என்றார் அந்தப் பெண். "நான் அந்தக் குழியில ஒக்காந்துக்கினு தெனமும் பத்து மணி நேரம் மிதிக்கிறவ. வூடு அசைஞ்சா மொதல்ல என் காலுக்குத் தெரியும். அப்புறந்தான் உன் பிரம்புக்கு."

வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டது. ஐப்பசி வந்தது. நன்றாகவே பெய்தது. வீடு நின்றது. ஆனால் தம்பியின் குடும்பம் அந்த மழை முழுக்கக் கூடத்தில் படுக்காமல் சமையலறை ஓரத்தில் ஒண்டியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பெரிதாக இடி இடித்தால் அவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நிற்பாராம். அக்கா உள்ளேயே உட்கார்ந்து, "வுழுந்தா என்மேல வுழட்டும், நீங்க நனைஞ்சிக்கினு நில்லுங்க" என்று கத்துவாராம்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் பகலில், கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டி எதிரே வந்தது. தறி மரங்களைப் பிரித்துக் கயிற்றால் கட்டி ஏற்றியிருந்தார்கள். மேலே பாத்திர மூட்டை, அதன்மேல் பிள்ளைகளோடு அந்தத் தம்பியின் மனைவி. தம்பி வண்டியோடு நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டார்.

"முசரவாக்கத்துல வூட்டுக்காரியோட அம்மா வூடு கீது சார். அங்கப் போறோம். அக்கா வர மாட்டேன்னுடுச்சி. ஒரே சண்ட. இனிமே மொகத்துல முழிக்காதன்னு சொல்லிடுச்சி. போவட்டும் சார். நீங்க மட்டும் எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. புள்ளைங்கள காப்பாத்திக் குடுத்தீங்க."

வண்டி போயிற்று. நான் அங்கேயே நின்றேன். அவர் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன், நியாயம் பேசி மனத்தை ஆற்றியிருப்பேன். கும்பிட்டதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். பின்தறி இருந்த இடத்தில் குழியை மணல் கொட்டி மூடியிருந்தார்கள். முன்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் துணை ஆள் இல்லை.

"நான் எழுதியது பொய். மறுபடியும் ஒழுங்காகப் பார்த்து எழுதித் தருகிறேன்" என்றேன்.

தறி நிற்கவில்லை. பாதிச் சாண் அளவுக்கு நெய்த பிறகு எழுந்து குழியிலிருந்து வெளியே வந்தார்.

"எறங்கு" என்றார்.

"நானா?"

"வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு எறங்கு. வெளிய நின்னு தட்டிப் பாத்த லட்சணந்தான் பாத்தாச்சே."

இறங்கி உட்கார்ந்தேன். நெய்கிறவர் பார்வையில் அந்த வீட்டை அன்றுதான் பார்த்தேன். தறியின் மேல்கட்டு முழுவதும் உத்திரத்திலிருந்து கயிறுகளில் தொங்கியது. உத்திரம் ஒரு நெல்லளவு தாழ்ந்தாலும் கயிறு தளரும், கயிறு தளர்ந்தால் இழைகள் ஒருபக்கமாகத் திறக்கும், துணியில் தெரிந்துவிடும். அந்த வீட்டில் பதினைந்து வருடமாக, சரிவைக் காட்டும் கொத்தனாரின் தூக்குநூல் போல அந்தத் தறி தொங்கிக்கொண்டிருக்க, நான் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு" என்றார். "போன தை மாசத்துலருந்து எடப்பக்கத்துக் கயிறு தளருது. ரெண்டு தரம் இழுத்துக் கட்டிட்டேன். கயிறு பழசுன்னு புதுசு மாத்தினேன். அப்பவும் தளருது. இன்னான்னு பாரு."

ஏணி போட்டு ஏறினேன். அந்தக் கயிறு கட்டியிருந்தது மூன்றாவது உத்திரத்தில். நடுவில் கல் போல இருந்தது. சுவருக்குள் புதைந்திருந்த இடது முனையின் ஓரம் பூச்சைப் பெயர்த்து உளியை வைத்தேன். உளி வெண்ணெய்க்குள் போவதுபோல் போயிற்று. உள்ளே கரையான் மண். பொய் எழுதுகிற மும்முரத்தில் அந்த வீட்டின் ஒரே உண்மையான பழுதை நான் பார்க்கவே இல்லை. அது அவருடைய தலைக்கு நேர்மேலே இருந்தது.

மீதி ஐந்தையும் அதேபோல் முனையில் குத்திப் பார்த்தேன். உளி இறங்கவில்லை.

கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "இதை எழுத வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டு வழக்கை ஜெயித்துவிடுவார்கள். நான் ஆளைக் கூட்டிவந்து சத்தமில்லாமல் மாற்றித் தருகிறேன்" என்றேன். அப்போது அது பெரிய உதவியாக எனக்குப் பட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவனுக்காக ஒரு பொய்யி, எனக்காக ஒரு பொய்யா? எம்மா நல்ல மனசு. எந்தம்பி போனது ஒரு பொய்யால. இன்னொண்ணு எனக்கு வாணாம். இருக்கறத எழுது. ஒரு மரம் செத்துப்போச்சி, அஞ்சி மரம் உசுரோட கீது. அவ்ளோதான. போனா போவுது. நானே தறிய பிரிச்சிக்கினு போறேன். ஆனா உன் பொய்ய கட்டிக்கினு நான் ஒக்காந்து நெய்ய மாட்டேன்."

இருக்கிறதை எழுது. மண்டிக்காரர் சொன்ன அதே வார்த்தைகள். எழுதினேன், இந்த முறை தமிழில், அவருக்கே படித்துக் காட்டி.

கோர்ட்டில் நான் மண்டிக்காரர் தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறி, முந்தைய அறிக்கையின் முடிவு பொய், தெரிந்தே எழுதினேன் என்றேன். மண்டிக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வக்கீல் உத்திரத்தைத்தான் பிடித்தார்.

"மரம் உளுத்துப்போயிருக்கிறது என்று நீரே எழுதியிருக்கிறீர். அப்படியானால் வீடு விழும்தானே?"

"ஆறு உத்திரத்தில் ஒன்று. அதை மாற்றாவிட்டால் அந்த இடம் விழும். மாற்ற இரண்டு நாள் வேலை. வீட்டை இடிக்க வேண்டியதில்லை."

"அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு உண்மை சொல்கிறீர் என்று எப்படி நம்புவது?"

"நம்ப வேண்டாம். உளியை எடுத்துக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்."

நீதிபதி அந்தப் பெண்ணைப் பார்த்து, பழுதை நீங்களே எடுத்துச் சொன்னதாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டார்.

"என் தலமேல இருக்கறது எனக்குத் தெரிய வாணாங்களா" என்றார் அவர்.

நீதிபதி வேறொரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் செய்தார். அவரும் ஐந்து நல்லது, ஒன்று பழுது என்றே எழுதினார். மனு தள்ளுபடியாயிற்று. உத்திரத்தை வீட்டுக்காரரே மாற்றித்தர வேண்டும் என்று உத்தரவு. வெளியே மரத்தடியில் மண்டிக்காரர் என் அருகில் வந்து, "உன் பால்கனிய எங்கயாவது போயி கட்டிக்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் கட்டவே இல்லை. அடுத்த வருடம் நகராட்சி என் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. நியாயம்தான், நானும் போய்க் கேட்கவில்லை. ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை கிடைத்தது. மாணவர்களிடம், எந்த வீட்டுக்குப் போனாலும் அதில் குடியிருக்கிறவர்களை முதலில் கேளுங்கள், பிறகு தட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தீர்ப்பு வந்த வாரமே முசரவாக்கம் போனேன். தம்பி மாமியார் வீட்டுக் கொட்டகையில் தறி போட்டிருந்தார். வீடு நன்றாக இருக்கிறது, நான் எழுதியது பொய், கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டேன், திரும்பி வாருங்கள் என்றேன். புது அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கக்கா இன்னா சார் குடுத்துச்சி உங்களுக்கு?"

"ஒன்றும் கொடுக்கவில்லை. நிஜமாகவே..."

"வேணாம் சார். அழுதிருக்கும். நீங்க எளகிட்டீங்க. நல்ல மனுசன் நீங்க, அன்னைக்கே எங்கள காப்பாத்துனீங்க. ஆனா புள்ளைங்கள திரும்பவும் அங்கக் கூட்டிக்கினு போவ மாட்டேன். மரம் உளுத்துப்போச்சின்னு இதுலயும் நீங்கதான எழுதிகிறீங்க?"

மூன்று முறை போனேன். மூன்று முறையும் மோர் கொடுத்து அனுப்பினார்கள். என் பொய்யை அவர் நம்பிய அளவுக்கு என் உண்மையை யாரும் நம்பியதில்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு திரும்பவில்லை. துணைக்கு ஆள் இல்லாததால் அக்கா அதன்பின் கோர்வைச் சேலை நெய்யவில்லை. உடலும் கரையும் ஒரே நிறத்தில் ஓடுகிற சேலைகள்தான். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "கேட்டுட்ட இல்ல, போ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் புரட்டாசி பாதியில் ஆள் சொல்லியனுப்பினார்: மழை வருது, ஓவர்சீயர வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. போனேன். பார்த்ததை எழுதிக் கொடுத்தேன், தமிழில். அடுத்த வருடமும் சொல்லியனுப்பினார். அது வழக்கமாயிற்று. ஒருமுறைகூட உட்காரச் சொன்னதில்லை. நான் எழுதிக் கொடுத்த காகிதங்களை மட்டும், ஒன்று விடாமல், சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார்.

ஒவ்வொரு வருடமும் அவர் தறியிலிருந்தபடியே கேட்பார்: "எல்லாம் தட்டிட்டியா?"

"தட்டிட்டேன்."

"தரைய?"

தரையையும் தட்டுவேன். கூடம் முழுக்க ஒரே ஓசை வரும். பின்தறி இருந்த இடத்தில் மட்டும், மணலுக்கு மேலே சிமெண்டு பூசிய அந்த நாலடிச் சதுரத்தில், பிரம்பு பொத்தென்று விழும். அவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த ஓசை வரும்வரை காத்திருப்பார். வந்த பிறகு, "எழுதிக்க" என்பார்.

எழுதிக்கொள்வேன்.